கழற்றுவதற்கு முன் கடைந்துவிடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். ஆமர் வீதியில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய மைஃபோர்ட் எம்.எல்.7 லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வாங்கி, கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் வைத்திருக்கிறீர்கள். 100 மி.மீ. நீளம் கடைந்தால், துண்டைக் கவ்விப் பிடிக்கும் சக் பக்கம் 0.15 மி.மீ. பருமனாக வருகிறது. கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைட்டின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுழல்கிறது. ஓடும்போது சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டொக் பக்கம் கடகடவென்று சத்தம். ஒருவர் பெட்டை, அதாவது எல்லாம் உட்கார்ந்திருக்கும் நீண்ட அடிப்பாகத்தை, கிரைண்ட் செய்யச் சொல்கிறார். இன்னொருவர் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். கிரைண்டிங் பேச்சை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இன்னொரு வேண்டுகோள்: எந்தப் பாகத்தையும் கழற்றாதீர்கள். தேய்ந்த லேத்தாக இருந்தாலும் அது ஓடுகிற லேத். அதற்கு வேண்டிய புதிய பாகங்களில் பாதிக்கு மேல் அதைக்கொண்டே செய்துவிடலாம். கழற்றிப் பலகையில் பரப்பிவிட்டால், ஒரு சிறிய புஷ் கடைவதற்குக்கூட இன்னொருவர் பட்டறை வாசலில் போய் நிற்க வேண்டும். கொழும்பில் சாக்கு மூட்டைக்குள் கட்டிக் கிடக்கும் லேத்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவற்றில் பல, வாங்கியவர் முதல் வாரத்திலேயே ஆர்வத்தோடு கழற்றியவை.

முதலில் அந்த 0.15 மி.மீ. பற்றிப் பேசுவோம். ஒரு தகவலை நீங்கள் எழுதவில்லை. கடையும்போது மறுமுனையை, எதிர்ப்பக்கத்தில் நிற்கும் டெயில்ஸ்டொக்கின் முனையால் தாங்கியிருந்தீர்களா? தாங்கியிருந்தால் தேய்மானத்தைத் தேடவே வேண்டாம். டெயில்ஸ்டொக் உங்கள் பக்கமாகச் சற்று விலகி நிற்கிறது; அதனால் அந்த முனை கருவியை நெருங்கி மெலிகிறது. டெயில்ஸ்டொக்கின் அடிப்பகுதியில் இருக்கும் பக்கவாட்டுத் திருகுகளால் அதைச் சரிசெய்துவிடலாம். அரை மணி நேர வேலை.

தாங்காமல் கடைந்திருந்தால் இப்படிச் செய்யுங்கள். 30 மி.மீ. பருமனுள்ள இரும்புத் துண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, 120 மி.மீ. வெளியே நீட்டி, கூர்மையான கருவியால் மிக மெல்லிய ஒரே வெட்டாகக் கடையுங்கள். பிறகு 25 மி.மீ. இடைவெளியில் ஐந்து இடங்களில் மைக்ரோமீற்றர் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். சக்கிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகக் குறைந்துகொண்டே போனால், பெட் முறுகி நிற்கிறது அல்லது ஹெட்ஸ்டொக் திரும்பியிருக்கிறது. சக்கை ஒட்டிய முதல் சில அங்குலங்களில் மட்டும் வேகமாக மாறி, பிறகு மட்டமாகிவிட்டால்தான் அது தேய்மானம். முறுக்கம் நேர்கோடு போடும், தேய்மானம் வளைவு போடும். தாங்காத துண்டு கருவியின் அழுத்தத்தால் மறுமுனையில் வளைந்து விலகும். அதனால் மறுமுனைதான் பருமனாக வர வேண்டும். உங்களுக்கு நேர்மாறாக வருகிறது. ஆகவே துண்டு வளைந்ததால் வந்த பிழை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். லேத் விடயத்தில் கூடம் பெரும்பாலும் உண்மையிலேயே கோணல்தான். நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய லேத்தும் இப்படித்தான் சக் பக்கம் பருமனாகக் கடைந்தது. இரத்மலானை ரயில்வே தொழிற்கூடத்தில் வேலை பழகிய ஒரு பெரியவரிடம் சுரண்டல் வேலை, அதாவது ஸ்கிரேப்பரால் இரும்பின் மேடுகளை மட்டும் மெல்லச் செதுக்கும் வேலை, கற்ற புதிது எனக்கு. கையில் ஸ்கிரேப்பர் இருந்தால் கண்ணில் படுவதெல்லாம் மேடாகத்தான் தெரியும். மூன்று வாரம் இரவிரவாகப் பெட்டைச் சுரண்டினேன். கடைசியில் அந்தப் பெரியவர் வந்து, குனிந்து, லேத்தின் ஒரு காலுக்கு அடியில் கிடந்த பலகைத் துண்டைக் காலால் தட்டினார். மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதிய பலகை. அதை எடுத்துவிட்டு இரும்புத் தகடு வைத்ததும் கோளாறில் முக்கால் பங்கு போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நான்கு கால்களும் இரும்புத் தகட்டின் மீது இறுகி நிற்கட்டும். கொட்டிலின் சீமெந்துத் தரை மட்டமாக இருக்கும் என்று நம்பவே நம்பாதீர்கள். மேசன் மட்டப்பலகை இதற்கு உதவாது, மீற்றருக்கு 0.02 மி.மீ. காட்டும் மட்டக்கருவி வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்த ஐந்து இடச் சோதனையே போதும். உங்கள் துண்டில் டெயில்ஸ்டொக் பக்க முனை மெலிகிறது. அப்படியானால் டெயில்ஸ்டொக் பக்கத்தில் பின்புறக் காலுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள். கருவியைச் சுமந்து பெட்டின் மீது ஓடும் சேடில் முன்புறமாகச் சற்றுச் சாயும், கருவி துண்டிலிருந்து விலகும், அந்த முனை பருக்கும். ஒவ்வொரு தடவையும் ஷிம் வைத்து, போல்ட்டை இறுக்கி, மறுபடி கடைந்து, மறுபடி அளக்க வேண்டும். பொறுமைதான் செலவு. ஹெட்ஸ்டொக்கின் போல்ட்டுகளை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள்.

துண்டை வெட்டாமலே பார்க்கும் வழியும் உண்டு. பஞ்சிகாவத்தையில் பழைய ஷொக் அப்சோர்பர் தண்டு ஒன்று வாங்குங்கள். முலாம் உரியாததாகப் பார்த்து எடுங்கள். அதைச் சக்கில் பிடித்து, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜைச் சேடிலில் நிறுத்தி, சக்கின் அருகே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மிகக் கூடிய அளவையும் மிகக் குறைந்த அளவையும் எழுதிச் சராசரி எடுங்கள். சேடிலை நகர்த்தி மறுமுனையிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் சுழலச்சுக்கும் சேடில் ஓடும் பாதைக்கும் உள்ள கோணல். தண்டு சற்று வளைந்திருந்தாலும், சக் கோணலாகப் பிடித்திருந்தாலும் சராசரி எடுக்கும்போது அந்தப் பிழைகள் கழிந்துவிடும். தண்டின் இரு இடங்களிலும் பருமன் ஒன்றுதானா என்பதை மட்டும் மைக்ரோமீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உண்மையான தேய்மானம். பெட் தேய்ந்துவிட்டது என்று கேட்டவுடன் பலர் நினைப்பது, சேடில் கீழே இறங்கிவிட்டது, அதனால் அளவு கெடுகிறது என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. விட்டமுள்ள துண்டைக் கடையும்போது கருவி 0.1 மி.மீ. கீழே இறங்கினாலும் விட்டத்தில் வரும் மாற்றம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கெடுப்பது பக்கவாட்டு நகர்வுதான். கருவி 0.1 மி.மீ. பின்னால் போனால் விட்டம் 0.2 மி.மீ. கூடும். பெட்டில் சேடில் ஓடும் இரு தடங்களில் முன்தடம் மட்டும் தேய்ந்து பின்தடம் தேயாமல் இருந்தாலும் இதே கதைதான். சேடில் முன்புறம் சாயும். உங்கள் லேத்தில் மைய உயரம் 3½ அங்குலம். இரண்டு தடங்களுக்கும் இடையிலான தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் முன்தடம் 0.05 மி.மீ. தேய்ந்தால் கருவியும் ஏறக்குறைய 0.05 மி.மீ. வெளியே வரும், விட்டத்தில் 0.1 மி.மீ. ஏறும். சக்கின் அருகேதான் எல்லோரும் எப்போதும் கடைகிறார்கள், அங்கேதான் தடம் தேய்கிறது, அங்கேதான் துண்டு பருக்கிறது.

எம்.எல்.7 லேத்தை மைஃபோர்ட் நிறுவனம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரை அடுத்த பீஸ்டனில் 1946 முதல் செய்தது. அதன் பெட் மேற்புறம் தட்டையானது. வி வடிவத் தடம் இல்லை. பழைய வார்ப்புகளில் சேடிலைப் பக்கவாட்டில் வழிநடத்துவது முன்தடம் ஒன்றுதான். அதன் முன்பக்க நிலைக்குத்து முகத்தில் கிப் என்ற, இறுக்கிச் சரிசெய்யும் பட்டை அழுத்தும், உட்பக்க நிலைக்குத்து முகத்தில் சேடில் உராயும். இரண்டு முகங்களும் நெருக்கமாக இருப்பதால் சேடில் சற்று அசைந்தாலும் திருகிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து தேயும். 1970களின் தொடக்கத்தில் நிறுவனமே இதை மாற்றி, முன்தடத்தின் முன்முகத்தையும் பின்தடத்தின் பின்முகத்தையும் வழிகாட்டிகளாக்கியது. இதில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் ஒளிந்திருக்கிறது. பழைய வகை லேத்தில் பின்தடத்தின் பின்முகத்தில் இத்தனை ஆண்டுகளாக எதுவும் உராயவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த அதே நேர்த்தியில் அது இன்னும் இருக்கும். விரல் நுனியால் எண்ணெய் அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், கிரைண்டிங் கோடுகள் தெரியும்.

அந்த முகத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான் இந்த லேத்துக்கு மிகச் சிறந்த மருத்துவம். சேடிலைக் கழற்றி, அதன் பின்புற விளிம்புக்கும் பின்தடத்தின் பின்முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து, அந்த அளவுக்கு ஓர் எஃகுப் பட்டையைத் தட்டையாகச் செய்து, சேடிலின் உட்புறத்தில் எபொக்சியாலும் தலை பதிந்த திருகுகளாலும் பொருத்த வேண்டும். பழைய உட்பக்க உராய்வு முகத்தை அரை மில்லிமீற்றர் அளவு வெட்டி ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் இடிக்கும். இந்த வெட்டுக்கு மில்லிங் இயந்திரம் உள்ள பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். முன்முகமும் தேய்ந்திருக்கும்தான், ஆனால் அங்கே இருப்பது கிப். சேடில் எந்த முகத்தை ஒட்டி ஓடுகிறதோ அந்த முகத்தின் நேர்த்திதான் வேலையில் தெரியும்.

பட்டை பொருத்தியதும் ஒரு சோதனை கட்டாயம். 100 மி.மீ. அகலமான ஒரு வட்டின் முகத்தைக் கடைந்து, நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். தட்டையாகவோ நடுவில் நூறில் ஒரு மில்லிமீற்றர் பள்ளமாகவோ இருக்கலாம். நடுவில் மேடாக இருந்தால் பட்டையைக் கழற்றி ஒரு முனையைச் சுரண்ட வேண்டும்.

சேடிலின் அடிப்புறத்தையும் அதே நாளில் பாருங்கள். பெட்டில் தேய்வது ஓர் அடி நீளம். சேடிலோ எப்போதும் உராய்ந்துகொண்டே இருப்பது. அதனால் சேடில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், அதுவும் இரு முனைகளில். பெட்டின் தேயாத டெயில்ஸ்டொக் பக்கத்தில் மிக மெல்லியதாக நீலச் சாயம் பூசி, சேடிலை வைத்து இரண்டு அங்குலம் முன்பின் நகர்த்தி எடுத்துத் திருப்பினால், நீலம் ஒட்டிய இடம் மேடு. மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும். பழைய அரத்தின் நுனியைத் தீட்டிச் செய்த ஸ்கிரேப்பரே போதும். வார்ப்பிரும்பைச் சுரண்டுவது கடினமில்லை. எங்கே நிறுத்துவது என்று அறிவதுதான் கடினம். பள்ளம் அதிகமென்றால் டர்சைட் என்ற பெயரில் வரும், வெண்கலத் தூள் கலந்த பி.டி.எஃப்.ஈ. என்ற வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிச் சுரண்டுவார்கள். உங்கள் சிறிய லேத்துக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வால்வு தேய்க்கும் பசையைப் பூசி சேடிலை முன்பின் தேய்க்காதீர்கள். எஞ்சின் வேலை செய்பவர்கள் அன்போடு இந்த யோசனையைச் சொல்வார்கள். அந்தத் துகள் வார்ப்பிரும்புக்குள் புதைந்து, நீங்கள் கழுவிய பிறகும் ஆண்டுக்கணக்கில் அரைத்துக்கொண்டே இருக்கும். சிலிண்டர் ஹெட் மட்டம் பிடிக்கும் இயந்திரத்தில் கிராஸ் ஸ்லைட்டைக் கொடுத்து மட்டம் பிடிக்கலாம் என்பதும் அதே வகை அன்புதான். ஒரு மேல் முகத்தை மட்டம் பிடித்துத் தருவார்கள். ஆனால் புறாவால் வடிவில் சரிவாக வெட்டிய வழுக்கு முகங்களோடு அது ஒத்துப்போகாவிட்டால் இருந்ததும் போகும்.

பெட்டை ஏன் கிரைண்ட் செய்ய வேண்டாம் என்கிறேன்? முழுப் பெட்டையும் மட்டம் பிடித்தால் சேடில் கீழே இறங்கும். அதோடு சேடிலின் முன்னால் தொங்கும் ஏப்ரனும் இறங்கும். மரை வெட்டும்போது சேடிலை இழுக்கும் லீட் ஸ்குரூ அதே உயரத்தில் நிற்கும், ஏப்ரனிலிருந்து அதைக் கவ்வும் அரை நட் அதை இழுத்து வளைக்கும். பற்சட்டத்தோடு சக்கரம் பொருந்தும் ஆழமும் மாறும். ஒன்றைச் சரிசெய்யப் போய் மூன்றைச் சரிசெய்ய நேரும். பட்டை பொருத்தி, இரு தடங்களின் வெளிமுகங்களையும் பிடிக்கும் அகலமான வழிகாட்டியாக மாற்றிய பிறகும் உங்களுக்கு வேண்டிய அளவு வராவிட்டால் அப்போது யோசிக்கலாம். புஷ்ஷும் பின்னும் கடைவதற்குத்தான் லேத் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலை வராது.

கிராஸ் ஸ்லைட்டுக்கு வருவோம். அந்தத் திருகில் அங்குலத்துக்கு 10 மரை, இடது கை மரை. ஒரு சுற்று ஓர் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மி.மீ. கால் சுற்று வெறுமனே சுழல்கிறதென்றால் 0.63 மி.மீ. இடைவெளி. ஒரு நூல் என்று நம் தச்சர்கள் சொல்லும் அரைக்கால் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு! கேட்கப் பயங்கரம், ஆனால் உங்கள் 0.15 மி.மீ. பிழைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எப்போதும் ஒரே திசையில், துண்டை நோக்கியே திருகிக் கருவியைக் கொண்டுவந்தால் வெறும் சுழற்சி அளவைக் கெடுக்காது. இது தொல்லை தருவது, கருவி தானாக உள்ளே இழுக்கப்படும் வேலைகளில்தான், குறிப்பாகத் துண்டை வெட்டிப் பிரிக்கும்போது.

திருகு தேய்ந்ததா, நட் தேய்ந்ததா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஸ்லைட்டை அதிகம் பயன்படாத கடைக்கோடிக்குத் திருகி, டயல் கேஜ் வைத்து இடைவெளியை அளங்கள். பிறகு நடுவில் அளங்கள். இரண்டிலும் ஒரே அளவென்றால் நட் மட்டும் போய்விட்டது. கோடியில் குறைவு, நடுவில் கூடுதல் என்றால் திருகின் நடுப்பகுதி மெலிந்திருக்கிறது. அப்போது புதிய நட் போட்டாலும் அது கோடியில் இறுகும், நடுவில் ஆடும். கைப்பிடிப் பக்கத்தில் திருகு முன்பின் அசைகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கால் சுற்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தாலும் வரும். ஒரு மெல்லிய வாஷரோடு அது முடிந்துவிடும்.

புதிய நட் செய்வதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தவறுவது இங்கேதான். மரை அக்மி வகை, மொத்தக் கோணம் 29 பாகை. வெளி விட்டம் 3/8 அங்குலம். நட்டின் துளை என்பது வெளி விட்டத்தில் ஒரு மரையின் இடைவெளியைக் கழித்தது: 0.375 கழித்தல் 0.100, ஆக 0.275 அங்குலம். 7 மி.மீ. துளையூசி அப்படியே பொருந்தும். ஏழு மில்லிமீற்றர் துளைக்குள் கருவியை நுழைத்து இந்தக் கரடுமுரடான மரையை வெட்ட முயன்றால் கருவி வளைந்துவிடும். ஆகவே மரை வெட்டும் டெப் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். 10 மி.மீ. சில்வர் ஸ்டீல் (காய்ச்சி நனைத்துக் கடினமாக்கக்கூடிய எஃகு) கம்பி எடுத்து, திருகின் வெளி விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 9.8 மி.மீ. வரை கடைந்து, இடது கை அக்மி மரை வெட்டுங்கள். உங்கள் லீட் ஸ்குரூவில் அங்குலத்துக்கு 8 மரை. 10 மரை வெட்ட, ஓட்டும் சக்கரத்தில் 40 பல், ஓடும் சக்கரத்தில் 50 பல். இடது கை மரைக்குச் சேடில் சக்கிலிருந்து டெயில்ஸ்டொக் பக்கமாக ஓட வேண்டும். அதனால் தொடங்கும் இடத்தில் கருவி இறங்க ஒரு பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். மரை ஆழம், ஓர் இடைவெளியின் பாதியோடு 0.010 அங்குலம்: 0.060 அங்குலம்.

வெட்டியபின் முன்பகுதியை 60 மி.மீ. நீளத்துக்குச் சரிவாகக் கடைந்து, நான்கு பள்ளங்கள் அரத்தாலோ மில்லிங்காலோ எடுத்து, செர்ரிச் சிவப்புக்குக் காய்ச்சித் தண்ணீரில் நேராக இறக்குங்கள். பிறகு மினுக்கிவிட்டு மெதுவாகச் சூடாக்கி, வைக்கோல் மஞ்சள் நிறம் வந்ததும் மறுபடி நனையுங்கள். நீண்ட சரிவு வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குட்டையான டெப் வெண்கலத்தில் சிக்கி முறியும். நட்டுக்கு வெண்கலம் எடுக்கும்போது பித்தளையைத் தந்துவிடுவார்கள். அரத்தால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால் பித்தளை மஞ்சள், வெண்கலம் சிவப்பு ஓடிய நிறம். பழைய கப்பல் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும் தடித்த புஷ் துண்டு ஒன்று போதும். பத்து நட் செய்யலாம்.

டெப் செய்யும் அதே அமைப்பைக் கலைக்காமல் புதிய திருகையும் வெட்டிவிடுங்கள். பழைய திருகு லேத்தில் இருக்கும்போதே புதியது பிறந்துவிட வேண்டும். நான் தலைப்பில் சொன்னது இதைத்தான்.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அது மோசமான வழியும் அல்ல. அசிட்டல் பிளாஸ்டிக் கட்டையை இரண்டாகப் பிளந்து, திருகின் தேயாத பகுதியைச் சூடாக்கி, இடையில் வைத்து வைஸில் இறுக்கினால் மரை அப்படியே அச்சாகப் பதிந்துவிடும். அசிட்டல் சுமார் 175 பாகை செல்சியஸில் உருகும். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் ஃபோர்மல்டிஹைட் புகை வரும். கண் எரியும், மூச்சு அடைக்கும். திறந்த வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

ஹெட்ஸ்டொக் சத்தம். "கடகட" என்று எழுதியதால் எனக்குப் பெயரிங் மீது சந்தேகம் குறைவு. எம்.எல்.7 லேத்தின் சுழலச்சு ஓடுவது வெள்ளை உலோகப் பெயரிங்கில். அது போனால் சத்தத்தைவிடத் துண்டின் மேற்பரப்பில் அலைதான் முதலில் தெரியும். சுழலச்சிலிருந்து லீட் ஸ்குரூவை ஓட்டும் மாற்றுப் பற்சக்கரங்களை விலக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் சக்கரங்களில்தான் கோளாறு. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே ஓர் எழுதும் தாள் துண்டை வைத்து அழுத்தி இறுக்கி, பிறகு தாளைச் சுழற்றி எடுத்துவிடுங்கள். சரியான இடைவெளி அதுதான். புதிய சக்கரம் வாங்க நேர்ந்தால் 20 டி.பி., 14½ பாகை என்று கேளுங்கள்; முன்னது பல்லின் அளவு, பின்னது பல்லின் கோணம். மொடியூல் 1.25 சக்கரத்தைக் "கிட்டத்தட்ட அதேதான்" என்று நீட்டுவார்கள். அந்தக் கிட்டத்தட்டதான் மறுபடி கடகட.

பெயரிங்கையும் பார்த்துவிடுவோம். சக்கில் ஓர் அடி நீளத் தடித்த கம்பியைப் பிடித்து, டயல் கேஜைச் சுழலச்சின் மூக்கில் நிறுத்தி, கம்பியைக் கையால் மேலே தூக்குங்கள். 0.02 அல்லது 0.03 மி.மீ. அசைவு என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் பெயரிங் மூடிக்கு அடியில் இரு பக்கமும் அடுக்கு ஷிம் இருக்கும். ஒவ்வோர் இதழும் 0.002 அங்குலம். இரு பக்கமும் ஓர் இதழ் மட்டும் உரித்து, மூடியை முழுதாக இறுக்கிப் பாருங்கள். போல்ட்டைத் தளர்த்தி வைத்து இடைவெளியைச் சமாளிப்பது வேலையே இல்லை. பத்து நிமிடம் ஓட்டியபின் உள்ளங்கையை வைக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் இறுக்கம் அதிகம். வெள்ளை உலோகம் உரிந்தோ உருகியோ போயிருந்தால் மட்டும் மறுபடி ஊற்ற வேண்டும். அதை நீங்கள் வீட்டில் முயல வேண்டாம். கரண்டியில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும்.

டெயில்ஸ்டொக் அடிப்புறம் தேய்ந்து தாழ்ந்திருந்தால், மேல் பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே பித்தளைத் தகடு வைத்து உயர்த்தினால் முடிந்தது. லீட் ஸ்குரூவும் சக் பக்கம் தேய்ந்திருக்கும். நீளமான மரை வெட்டாதவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எண்ணெய்க்கு ஒரு வார்த்தை. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறீர்கள். கடற்காற்றின் உப்பு ஒரு வாரத்தில் பெட்டில் செந்நிறம் பூசிவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, தடங்களுக்கு 68 ஆம் இலக்க வழுக்குத்தட எண்ணெய் பூசி, துணியால் மூடுங்கள். பெயரிங்குக்கு 32 ஆம் இலக்க ஹைட்ரோலிக் எண்ணெய். ஓட்டத் தொடங்கும் முன் சொட்டுக் குவளைகளைத் திறக்க மறக்காதீர்கள். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. அதில் மிதப்பது உலோகத் தூளும் கரியும். அது மெதுவான வால்வுப் பசை. லேத்தின் மீது கல் பிடித்துக் கிரைண்ட் செய்யும்போதும் எமரித் தாள் பிடிக்கும்போதும் பெட்டை ஈரத்துணியால் மூடுங்கள். இந்த லேத்தைத் தேய்த்தது கடைந்த இரும்பைவிட, முன்பிருந்தவர் பிடித்த எமரித் தாளாகத்தான் இருக்கும்.

இந்த வாரம் கால்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பிறகு ஐந்து இடங்களிலும் எடுத்த அளவை, சக் பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக எழுதி அனுப்புங்கள். டெயில்ஸ்டொக் முனை வைத்துக் கடைந்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு சேடிலைக் கழற்றுவதா என்று முடிவெடுப்போம்.